பயப்பட வேண்டியவன் அவன்தான்!

2019 ஆகஸ்ட் மாதத்து இரவு. இன்றைய தென்காசி மாவட்டத்தின் கடையம் பகுதியில், ஊரை விட்டு ஒதுங்கிய ஒரு தோட்டத்து வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு முதியவர். முகமூடி அணிந்த ஒருவன் பின்பக்கமாக வந்து துணியால் அவர் கழுத்தை இறுக்குகிறான். அவனுடைய கூட்டாளி அரிவாளோடு வருகிறான். சத்தம் கேட்டு வெளியே வருகிறார் பெரியவரின் மனைவி. காலடியில் கிடந்த செருப்பை எடுத்து வீசுகிறார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிகிறார். பிடி தளர்ந்ததும் பெரியவரும் எழுந்துகொள்கிறார். கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து இருவரும் வீச, அரிவாளோடு வந்தவர்கள் ஓடிப்போகிறார்கள்!

அந்த அம்மாவின் கையில் வெட்டு விழுந்தது. கழுத்துச் சங்கிலி பறிபோனது. ஆனால் இரண்டு உயிரும் தப்பின. அந்த வீட்டுக் கேமராவில் பதிவான காட்சியை நாடே பார்த்தது. சில நாட்களில், சுதந்திர தின விழாவில், வீரத்துக்கான விருதை முதலமைச்சர் கையால் வாங்கினார்கள் அந்தத் தம்பதி.

ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆயுதம் யாரிடம் இருந்தது? வயதும் வலுவும் யார் பக்கம் இருந்தன? இருந்தும் ஓடியது யார்?

கொள்ளைக்காரன் உங்கள் பயத்தை நம்பித்தான் படியேறுகிறான். கத்தினால் கதறுவீர்கள், அரிவாளைக் காட்டினால் உறைந்து நிற்பீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் வருகிறான். அந்தக் கணக்கு தப்பினால் அவனுக்கு வேறு வழி தெரியாது. அது உங்கள் வீடு. எந்தப் படி எத்தனை உயரம், எந்த சுவிட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும், யாரைக் கூப்பிட்டால் ஓடி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. பயப்பட வேண்டியவன் அவன்தான்!

அவன் அஞ்சும் நான்கு

திருடன் நான்கு விஷயங்களுக்கு நடுங்குவான். வெளிச்சம், ஓசை, பார்க்கும் கண், தாமதம். இந்த நான்கும் லட்ச ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. இன்றைக்கே உங்கள் கைக்குள் இருப்பவை.

தாமதத்திலிருந்து தொடங்குவோம். பூட்டை உடைக்க ஒவ்வொரு நிமிடம் கூடும்போதும் அவன் நெஞ்சு படபடக்கும். நீங்கள் செய்ய வேண்டியது அந்த நிமிடங்களைக் கூட்டுவதுதான். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு உலகப் புகழ் பெற்றது. அதை வாங்கி மாட்டுகிறோம். அது தொங்கும் கொண்டியோ துருப்பிடித்த நான்கு திருகாணியில் ஆடிக்கொண்டிருக்கிறது! கடப்பாறையோடு வருபவன் பூட்டைத் தொடவே மாட்டான். கொண்டியை நெம்புவான், நாதாங்கியோடு பிடுங்கிக்கொண்டு வரும். எனவே முதலில் கொண்டியைப் பாருங்கள். நீண்ட திருகாணி போடுங்கள், முடிந்தால் கதவின் மறுபக்கம் வரை போல்ட் ஏற்றி முடுக்குங்கள். வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே அறிவிக்கிறது. கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு அதைக் காட்டிக்கொடுக்காது.

வாசல் கதவுக்குத் தேக்கு மரம் தேடி அலைந்தவர்கள், கொல்லைப்புறக் கதவுக்குத் தகரத்தை அடித்து விடுகிறார்கள். மொட்டை மாடிக் கதவைத் தாழ்ப்பாள்கூடப் போடாமல் தூங்குகிறார்கள். குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு ஒல்லியான ஆள் உள்ளே நுழையலாம். அதற்கு உட்புறம் ஒரு கம்பி போட்டாயிற்றா? ஜன்னல் கிரில்லின் திருகுகள் வெளிப்பக்கம் இருக்கின்றனவா? இன்றே போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டைத் திருடனின் கண்ணால் ஒரு முறை சுற்றி வாருங்கள். அவன் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட்டால் பாதி வெற்றி!

அடுத்தது வெளிச்சமும் ஓசையும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் விளக்கை வாசலிலும் கொல்லையிலும் மாட்டுங்கள். ஊருக்குப் போகும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பட்டப்பகலில் எரியும் விளக்கு உங்கள் பயணத்தைத் தண்டோரா போட்டுவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன நாய்கள் நம் மண்ணில் பிறந்தவை. வளர்க்க இடமும் மனமும் இருந்தால் வளர்த்துப் பாருங்கள். அகால நேரத்துக் குரைப்பைப் போல் திருடனின் திட்டத்தைக் குலைப்பது வேறில்லை.

காட்டிக்கொடுப்பது யார்?

வெளியூர் போன வீட்டைத் திருடன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்? அவனுக்கு ஜோதிடம் தெரியாது. நாம்தான் சொல்கிறோம். வாசலில் குவியும் செய்தித்தாள் சொல்கிறது. கேட்டில் தொங்கும் பால் பாக்கெட் சொல்கிறது. மூன்று நாளாகப் பெருக்காத வாசலும் போடாத கோலமும் சொல்கின்றன. "குடும்பத்தோடு கொடைக்கானலில்!" என்று நாம் வைக்கும் ஸ்டேட்டஸ் உலகத்துக்கே சொல்கிறது. திரும்பி வந்து படம் போடுங்கள், அழகு குறையாது. பால்காரரிடமும் பேப்பர் போடும் தம்பியிடமும் சொல்லி நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசல் தெளித்து இரண்டு இழை கோலம் போடச் சொல்லுங்கள். அந்தக் கோலத்துக்கு இருக்கும் காவல் சக்தி பெரிய பூட்டுக்குக்கூட இல்லை!

புறப்படுமுன் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். பூட்டிய வீடுகளை ரோந்தில் கவனிக்கும் வழக்கம் தமிழகக் காவல்துறையில் உண்டு. "இதற்கெல்லாமா போலீஸ் ஸ்டேஷன் போவது?" என்று கூச்சப்படாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

சாவியை எங்கே வைக்கிறீர்கள்? செருப்பு ஸ்டாண்டிலா, பூந்தொட்டிக்கு அடியிலா, மீட்டர் பெட்டிக்கு மேலா? இந்த இடங்களைத் திருடன் உங்களுக்கு முன்பே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். பீரோவைப் பூட்டிவிட்டு, சாவியைப் பீரோவின் தலையிலேயே வைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். கல்யாணத்துக்கு மட்டும் போடும் நகைக்கு வீட்டில் என்ன வேலை? வங்கி லாக்கரில் வையுங்கள். 2022 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் உள்ள பொருள் போனால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும்.

பகலில் வருபவனையும் மறக்காதீர்கள். நகைக்கு பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பான். மீட்டர் பார்க்க வந்தேன் என்பான். தண்ணீர் கேட்பான். மனிதாபிமானம் வேண்டும், கிரில் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டே தண்ணீர் கொடுக்கலாம். அடையாள அட்டை கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உண்மையான ஊழியர் தயங்காமல் காட்டுவார்.

தெருவே கோட்டை

மதுரைக்காஞ்சியைப் பாடிய மாங்குடி மருதனார் மதுரை நகரின் நள்ளிரவையும் காட்டுகிறார். உளியும் நூலேணியுமாக இருளில் பதுங்கும் கள்வர் ஒரு பக்கம். கொட்டும் மழையிலும் உறங்காமல் தெருத்தெருவாக அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலர் மறுபக்கம். திருடன் அன்றும் இருந்தான். ஊர் உறங்கியது, உறங்காத கண்கள் இருந்ததால்.

இன்று உங்கள் தெருவின் உறங்காத கண் எது? எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியுமா? அவருடைய கைபேசி எண் இருக்கிறதா? அவர் வீட்டு வாசலில் நடுராத்திரி வேன் நின்றால் எழுந்து எட்டிப் பார்ப்பீர்களா? கேமரா நல்லது, வையுங்கள். பதிவு செய்யும் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திருடன் முதலில் கழற்றிப் போவது அதைத்தான். பரணிலோ பூட்டிய அலமாரியிலோ மறைத்து வையுங்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன்: கேமரா படம் பிடிக்கும், "யாருடா அது?" என்று அதட்டாது. அதட்டுவதற்கு அக்கம்பக்கம் வேண்டும்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவைக் கைபேசித் திரையில் பார்க்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கேமரா மாட்டியதோடு கடமை முடியவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு காபி குடியுங்கள். "சித்தப்பா, அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பத்து கேமராவுக்குச் சமம்!

வீரத்துக்கும் வெறிக்கும் நடுவே

சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. உங்கள் உடலை, உங்கள் குடும்பத்தை, உங்கள் பொருளைக் காக்க எதிர்த்து நிற்கலாம். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவன் விஷயத்திலும், வழிப்பறி, கொள்ளை விஷயத்திலும் அந்த உரிமை மிக விரிவானது. ஆனால் எல்லை உண்டு. காக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பது தற்காப்பு ஆகாது, குற்றம்!

2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை மறக்க முடியுமா? குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை, பிள்ளை பிடிப்பவர் என்று நம்பிய கூட்டம் அடித்தே கொன்றது. குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தவர் அவர். கைபேசியில் பரவிய வதந்திதான் அந்தக் கூட்டத்தை அச்சுறுத்தி வெறியேற்றியது. பயந்த ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அது சாட்சி. அடுத்த ஆண்டில் கடையத்தில் இருவர் காட்டியது துணிவு. துணிந்தவர் தன்னவரைக் காப்பார், பயந்தவர் அப்பாவியைக் கொல்வார். இந்த வேறுபாடு உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடையத்து அம்மா போராடியது கணவரின் உயிருக்காக. எப்போதும் உயிர்தான் முதல். கத்தி குழந்தையின் கழுத்தில் இருக்கும்போது பீரோ சாவியைக் கொடுத்துவிடுங்கள். அது கோழைத்தனம் அல்ல, தெளிவு. பவுனைத் திரும்பவும் சேர்க்கலாம்.

முன்கூட்டியே பேசுங்கள்

ஆபத்தில் யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஆகவே இப்போதே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். இரவில் சத்தம் கேட்டால் யார் போன் செய்வது? குழந்தைகள் எந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவது? 100, 112 என்ற எண்கள் பாட்டிக்கும் பேரனுக்கும் மனப்பாடமா? காவல்துறையின் 'காவல் உதவி' செயலி கைபேசியில் இருக்கிறதா? சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வெளியே ஓடாதீர்கள். உள்ளிருந்தபடியே எல்லா விளக்கையும் போடுங்கள், பக்கத்து வீட்டுக்குப் போன் செய்யுங்கள், தொண்டை கிழியக் கத்துங்கள்.

நகைகளைப் படம் எடுத்து, எடையும் ரசீதும் சேர்த்து வையுங்கள். திருடனைப் பிடித்து நகை மீட்கப்படும் நாளில், அது உங்களுடையது என்று நிரூபிக்க அவை உதவும். தப்பித் தவறித் திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாதீர்கள், கூட்டிப் பெருக்காதீர்கள். கைரேகை அங்கேதான் இருக்கும். வெட்கப்படாமல் புகார் கொடுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. திருடு கொடுத்தவர் தலைகுனிய ஒன்றுமில்லை, தலைகுனிய வேண்டியவன் திருடியவன்!

தோழரே, தோழியே, இந்தப் பக்கத்தை மூடியதும் எழுந்திருங்கள். கொல்லைக் கதவின் கொண்டியை ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். மாடிக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபாருங்கள். எதிர்வீட்டுக்காரரின் எண்ணை வாங்கி உங்கள் கைபேசியில் ஏற்றுங்கள். மூன்றும் முடிய அரை மணி நேரம் ஆகாது. நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்று இரவே செய்யுங்கள்!