கட்டுத்தறி

சென்ற தை மாதம் உத்திரமேரூருக்குப் பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய இடது மணிக்கட்டில் பழைய எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் ஒன்று இருந்தது. இன்னொரு கடிகாரம் வெற்றிலைச் செல்லத்துக்குள் இருந்தது. கையில் இருந்தது, அவர் வாத்தியார் வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கியது. செல்லத்தில் இருந்தது, கடல் கடந்து வந்தது. பாக்குப் பொட்டலத்துக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் நடுவில், தன் கறுப்புக் கண்ணாடி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அது படுத்திருந்தது.

"எடுத்துப் பாருடா. நாடி பாக்குமாம், நடந்தா கணக்கு எழுதுமாம். மணி மட்டும் காட்டமாட்டேங்குது" என்றார் பெரியப்பா.

அவருக்கு வயது எண்பத்தொன்று. பெரியம்மா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை அமெரிக்காவில், பெண் தாம்பரத்தில். இருவரிடமும் போய் இருந்து பார்த்துவிட்டு, இரண்டு இடத்திலும் தூக்கம் வரவில்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டவர். கார்த்திகை மழையில் ஒரு நாள் விடியற்காலை, கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. பால்காரர் வந்து கதவைத் தட்டி, பதில் இல்லாமல் பின்பக்கம் சுற்றி வந்து பார்க்கிற வரையில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நனைந்த துணி போல் கிடந்திருக்கிறார்.

இந்தச் சேதி போனதும் அண்ணன் உடனே கடிகாரத்தை அனுப்பிவிட்டார். ஆள் விழுந்தால் அது தானாகவே அறிந்துகொள்ளும். கொஞ்ச நேரம் அசைவில்லாவிட்டால் உதவிக்கு அழைக்கும். கேட்கவே நெஞ்சு குளிர்கிறது அல்லவா? ஆனால் அந்தக் கடிகாரம் கண் திறப்பதற்கு அதன் ஜாதியைச் சேர்ந்த கைபேசி வேண்டும். பெரியப்பாவிடம் இருப்பது எதிர்க் கட்சிக் கைபேசி. எந்தக் கம்பெனி, என்ன பெயர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு வீட்டுச் சண்டைக்குள் கம்பெனிகளை இழுப்பானேன்?

"போனை மாத்திடுங்கப்பா, நான் அனுப்பறேன்" என்றார் அண்ணன். "போன் இருக்கட்டும், அதுக்கு ஏத்த வாட்சை நான் வாங்கித் தரேன்" என்றாள் அக்கா. அண்ணன் வீட்டில் எல்லாம் ஒரு கட்சி. அக்கா வீட்டில் எல்லாம் மற்றக் கட்சி. அப்பாவின் நாடிக் கணக்கு யாருடைய கைபேசியில் ஒழுங்காக வந்து சேரும் என்பது கேள்வி. தொலைக்காட்சியிலும் இதே கதைதான். பிள்ளை வைத்துவிட்டுப் போன பெட்டி ஒன்று, பெண் செருகிவிட்டுப் போன குச்சி ஒன்று. மூன்று ரிமோட்டுகளில் எது எதற்கு என்று சுண்ணாம்பால் புள்ளி குத்தி வைத்திருக்கிறார். அது வேடிக்கையோடு போயிற்று. கடிகார விஷயம் அப்படியில்லை. கார்த்திகையில் விழுந்த மனிதர், தை மாதத்திலும் கையில் காவல் இல்லாமல்தான் இருந்தார். அதுவும், இரண்டு பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிக் கொடுக்கத் தயாராக இருக்கும்போது!

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த விசித்திரமல்ல. 2015-ல் வந்த ஆப்பிள் கடிகாரம் அன்றைக்கும் இன்றைக்கும் ஐபோன் வைத்திருப்பவர்களுக்கே உரியது. சாம்சங் கடிகாரங்கள் ஒரு காலத்தில் ஐபோனோடும் பேசிக்கொண்டிருந்தன. 2021-ல் கூகுளோடு கூடி வேறு ஏற்பாட்டுக்கு மாறியபின் அந்தப் பேச்சுவார்த்தை நின்று போயிற்று. தோல்வாரைக் கூடப் பாருங்கள். பெரியப்பாவின் ஜனதாவுக்கு பஸ் நிலையத்துக் கடையில் தொங்குகிற எந்த வாரும் அளவு பார்த்துப் பொருந்தும். எச்.எம்.டி. கடிகாரத் தொழில் 1961-ல் ஜப்பானிய சிட்டிஸன் கம்பெனியின் துணையோடு தொடங்கி, 2016-ல் மூடியே போய்விட்டது. பெற்றவர்கள் போய்விட்ட பிறகும் பிள்ளை ஓடுகிறது; யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆப்பிள் கடிகாரத்துக்கோ வார் மாட்டும் காடியே தனி.

தொலைக்காட்சிக் குச்சிகளின் சண்டை இன்னும் பகிரங்கமானது. 2015-ல் அமேசான் தன் கடையில் ஆப்பிளின் பெட்டியையும் கூகுளின் குரோம்காஸ்டையும் விற்பதில்லை என்று நிறுத்தியது. கூகுள் பதிலுக்கு 2018 தொடக்கத்தில் அமேசானின் ஃபயர் டிவியிலிருந்து யூடியூபை எடுத்துக்கொண்டது. 2019 ஜூலையில்தான் இரண்டு பேரும் சமாதானமானார்கள். நடுவில் ஒன்றரை வருஷம், காசு கொடுத்துக் குச்சி வாங்கியவன் என்ன குற்றம் செய்தான்? யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காஞ்சிபுரத்துப் பக்கத்து மனிதர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வடகலை, தென்கலை வழக்குகள் ஆங்கிலேயர் காலத்திலேயே கோர்ட்டுப் படி ஏறியவை. கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்று சண்டை வந்ததாக ஒரு கதையைச் சிறு வயதில் எங்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். சொல்கிறவரின் சாமர்த்தியத்துக்குத் தகுந்தபடி வக்கீல்களும் ஜட்ஜும் வந்து போவார்கள். அந்தக் கதையில் ஒருவராவது யானையின் அபிப்பிராயத்தைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

கம்பெனிகளின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கை செய்த பொருள்கள் ஒன்றோடொன்று நன்றாக இசைகின்றன என்கிறார்கள், உண்மைதான். அண்ணன் வீட்டில் பார்த்தால், கடிகாரத்தைத் தொட்டால் கணினி திறக்கிறது. கணினியில் எழுதியது கைபேசியில் வந்து நிற்கிறது. அந்நியனை உள்ளே விட்டால் ரகசியங்களுக்குப் பாதுகாப்பில்லை என்கிறார்கள். அதையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நான் பாடுபட்டுச் செய்த பொருள் என் போட்டியாளனின் பொருளுக்கு எதற்காக ஊழியம் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். போட்டி இல்லாவிட்டால் இந்தப் பண்டங்கள் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தூரம் வந்திருக்கவும் மாட்டா.

ஆனால் நான் கேட்பது வேறு. எங்கள் பஜாரில் ஒரு மளிகைக் கடை உண்டு. பெரியப்பா நாற்பது வருஷமாக அங்கேதான் அரிசி வாங்குகிறார். எதிர்க் கடையில் இரண்டு ரூபாய் குறைவு என்று தெரிந்தும் போவதில்லை. கடைக்காரர் நல்ல அரிசி தருகிறார். பெரியம்மா போன அன்று கடையை மூடிவிட்டு வந்து நின்றார். இது பற்றுதல். அதே கடைக்காரர், 'இந்த அரிசி என்னிடம் வாங்கிய பானையில்தான் வேகும், இந்தப் பானை என்னிடம் வாங்கிய அடுப்பில்தான் உட்காரும்' என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தால்? அப்போதும் பெரியப்பா அங்கேதான் வாங்குவார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கடைக்காரருக்கே கூட, சில வருஷம் கழித்து, இந்த மனிதர் நம் மேல் உள்ள பிரியத்தினால் வருகிறாரா, வேறு வழியில்லாமல் வருகிறாரா என்பது தெரியாமல் போய்விடும். மாட்டுக்கு வைக்கோல் போடுவது ஒன்று. கட்டுத்தறியில் முடிச்சுப் போடுவது ஒன்று. மாடு நிற்கிறது என்பதைக் கொண்டு வைக்கோல் நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

'உன்னை யார் வாங்கச் சொன்னது? உன் இஷ்டப்படிதானே தேர்ந்தெடுத்தாய்?' என்று கேட்டால் வாய் அடைத்துப் போகிறது. தேர்ந்தெடுத்தோம், மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே போவதற்குள்ள சுதந்திரம் பாதிச் சுதந்திரந்தான் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் ரொம்பக் காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பெரியப்பாவோடு மெதுவாக நடந்து வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் அங்கே சுவரில் இருக்கின்றன. ஒன்று 919-ஆம் வருஷத்தது, மற்றது 921. இரண்டே வருஷத்தில் பழைய விதியைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்! முப்பது குடும்பு, பெயர் எழுதிய ஓலைகள், குடம், ஓலையை எடுக்க ஒரு சிறுவன். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒப்பிப்பார்கள். தலைவர்களும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் இடம் இருந்தது என்பதைச் சிலர் சேர்த்துச் சொல்வதில்லை, அது கிடக்கட்டும். பெரியப்பா எப்போதும் விரலால் காட்டுகிற இடம் வேறு.

"ஓலை எடுக்கிறது சுலபம்டா. எடுத்த ஆளை எப்ப எறக்குறது? அதைப் பாரு எவ்வளவு எழுதியிருக்கான்!" என்பார்.

வாரியத்தில் உட்கார்ந்தவன் முந்நூற்று அறுபது நாளில் இறங்கிவிட வேண்டும். பிறகு மூன்று வருஷம் அவன் ஓலை குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய உறவின்முறைப் பட்டியலும் நீளமாக விலக்கப்பட்டிருக்கிறது. நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கிவிடலாம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று எண்ணிப் போட்ட மனிதர்கள், அவர்களில் எவனும் கெட்டவன் என்று நினைத்து இதை எழுதவில்லை. நல்லவனாகவே இருந்தாலும், இறங்கத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டால் மனிதன் மாறிவிடுவான் என்று நினைத்திருக்கிறார்கள்.

நம் காலத்திலும் இந்தப் புத்தி ஒரு முறை வேலை செய்தது. கைபேசி வந்த புதிதில், கம்பெனி பிடிக்காவிட்டாலும் எண் போய்விடுமே என்று அதிலேயே கிடந்தோம். 2011 ஜனவரி 20 முதல், எண்ணை எடுத்துக்கொண்டு யாரிடம் வேண்டுமானாலும் போகலாம் என்று நாடு முழுவதும் ஏற்பாடு வந்தது. கம்பெனிகள் அழிந்து போய்விடவில்லை. பேசுகிற தொனி மாறிற்று, அவ்வளவுதான். கடிகாரத்துக்கும் குச்சிக்கும் இப்போதுதான் அந்தக் காற்று அடிக்க ஆரம்பித்திருக்கிறது. அமெரிக்க அரசாங்கம் 2024 மார்ச்சில் ஆப்பிள் மேல் தொடுத்த வழக்கில், பிறர் கடிகாரங்களைக் குறுக்கி வைத்திருப்பதும் ஒரு குற்றச்சாட்டு; ஆப்பிள் அதை மறுக்கிறது. நம் நாட்டில், தொலைக்காட்சிப் பெட்டி செய்கிறவர்களுக்குக் கூகுள் தன் சரக்குகளை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது பற்றிய புகாரில், 2025 ஏப்ரலில் போட்டி ஆணையம் சமரசத்தை ஏற்றது. கூகுள் இருபது கோடிச் சொச்சம் கட்டியது. மூட்டையைப் பிரித்தும் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டது.

கோயிலிலிருந்து திரும்பியதும் அண்ணனுக்காக நான் தூது பேசினேன். "போனை மாத்திட்டா என்ன பெரியப்பா? உயிர் விஷயமாச்சே" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் கைபேசியை எடுத்தார். விரலால் வெகு நேரம் தள்ளிக்கொண்டே போனார். பிறகு அதை என் காதோரம் பிடித்தார். பெரியம்மாவின் குரல். "எங்க இருக்கீங்க? வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி வாடினதை வாங்கிட்டு வராதீங்க." பத்து விநாடி கூட இருக்காது. இதைப் போல அறுபத்து மூன்று இருக்கிறதாம், வாட்ஸப்பில். எண்ணி வைத்திருக்கிறார்.

ஒரு கட்சிக் கைபேசியிலிருந்து மறு கட்சிக் கைபேசிக்கு இவற்றையெல்லாம் கொண்டு போக 2021, 2022-லேயே வழி செய்துவிட்டார்கள் என்று நான் அறிவேன், சொல்லியும் பார்த்தேன்.

"போகும்னு நீ சொல்ற. உங்க அண்ணனும் சொல்றான். வழியில ஒண்ணு ரெண்டு சிந்திடுச்சுன்னா, எந்தக் கம்பெனிக்காரன்டா திருப்பிப் பேச வைப்பான்?"

எனக்குப் பதில் இல்லை. இத்தனைக்கும் அந்தக் குரலை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. கொத்தமல்லியும் அவர்களுடையதல்ல. ஆனால் அந்தக் குரல் தங்கியிருக்கிற இடத்தைச் சுற்றித்தான் வேலி போட்டிருக்கிறார்கள். வேலி எங்கே போட்டால் தாண்டமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். அக்கா சொன்னபடி, இருக்கிற கைபேசிக்குத் தகுந்த கடிகாரத்தை வாங்கிக் கட்டிவிடலாம். அதற்கு அண்ணன் இன்னும் இறங்கி வரவில்லை; தான் அனுப்பியது செல்லத்தில் கிடப்பது அவருக்குப் பெரிய மனத்தாங்கல். பெரியப்பாவோ, பிள்ளை கொடுத்ததை ஒதுக்கிப் பெண் கொடுத்ததைக் கட்டிக்கொள்ளத் தயங்குகிறார். எங்கோ இரண்டு வியாபாரிகள் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காததனால், இங்கே ஒரு தகப்பனார் இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கைபேசி பூட்டும் வேலைக்குப் போகிறாள். அவள் பூட்டுகிற கைபேசியை அவளால் வாங்க முடியாது. கையில் வைத்திருப்பது வேறு கட்சி. நாலரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனைக்குப் போகும்போது, மதிலுக்கு மேலே எட்டி, "தாத்தா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். "இருக்கேன்மா, போய்ட்டு வா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். வந்தால் பஸ்ஸுக்குப் போவாள்.

ராத்திரி ஷிப்டு வாரங்களில் அவள் வீடு திரும்பும்போது விடிந்து வெகு நேரம் ஆகிவிடுகிறது.