மார்க்கெட் ஏற ஜெபிக்கலாமா?



2025 ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பின பிறகு, ஒரு தம்பி மாத்திரம் போகாமல் நின்றுகொண்டிருந்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம், ஒரு கைக்குழந்தை. "என்ன தம்பி, ஏதாவது ஜெபக்குறிப்பா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "பாஸ்டர், மார்க்கெட் ஏறணும்னு ஜெபம் பண்ணுங்க. பதினோரு மாசமா அசைய மாட்டேங்குது."

சுகத்துக்காக ஜெபிக்கக் கேட்டு வருகிறார்கள். வேலைக்காக, பிள்ளைக்காக, கடன் தீருவதற்காக வருகிறார்கள். உடனே தலையில் கையை வைத்து ஜெபித்துவிடுவேன். அன்றைக்கு என் கை எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை என்பதைத்தான் பாரத்தோடு எழுதுகிறேன். நம்முடைய வாலிபர்களில் அநேகர் இதே இடத்தில் நிற்கிறார்கள்.

அந்தத் தம்பி செய்தது என்ன? 2020 மார்ச் 23ஆம் தேதி, கொரோனா பயத்தில் நிஃப்டி 7,610க்கு விழுந்தது. அடுத்த சில வாரத்தில் இவன் டீமேட் கணக்கு ஆரம்பித்தான். இவன் மாத்திரமா? அந்த மார்ச்சில் தேசம் முழுவதும் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2024 ஆகஸ்டில் 17 கோடியைத் தாண்டின. 2024 செப்டம்பர் 26 அன்று நிஃப்டி 26,216ல் முடிந்தது. நாலரை வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல்! எதை வாங்கினாலும் ஏறின காலம் அது. இவன் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்து, 2024 ஜூனில் வேலையை விட்டான்.

"ஃப்யூச்சர், ஆப்ஷன் பக்கமே போகமாட்டேன் பாஸ்டர். ஷார்ட் அடிக்க மாட்டேன். நல்ல கம்பெனியா பார்த்து வாங்குவேன், ஏறினா விப்பேன். அந்த லாபத்துல குடும்பம் நடத்துறேன். அவ்வளவுதான்" என்றான்.

ஃப்யூச்சர், ஆப்ஷன் பக்கம் போகாதது நல்லதுதான். அதில் இறங்கின தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் மூன்று வருஷத்தில் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் கணக்குக் காட்டியது. ஆனால் இவனுடைய வழிக்கும் ஒரு கஷ்டம் உண்டு. வாங்கி வைத்து விற்கிறவனுக்கு விலை ஏறினால்தான் சாப்பாடு. இறங்கினாலும் கிடையாது, நின்றாலும் கிடையாது. 2025 மார்ச்சில் நிஃப்டி 22,000 வரை இறங்கியது. பிறகு எழும்பி, ஆகஸ்டில் 25,000 பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய உச்சத்தை எட்டவில்லை. மார்க்கெட் நிற்கலாம். கேஸ் சிலிண்டர் நிற்குமா? பால்காரர் நிற்பாரா?

பிரியமானவர்களே, இதை நான் தூரத்தில் நின்று சொல்லவில்லை. இது என் சொந்தச் சாட்சி.

2010 தீபாவளி சமயம். எனக்கு வயது முப்பத்தொன்று. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நவம்பரில் சென்செக்ஸ் 21,000ல் முடிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையை ராஜினாமா பண்ணினேன். பி.எஃப். பணம், சேமிப்பு, ஒரு சின்ன மனை விற்ற பணம், எல்லாம் சேர்த்து ஆறு லட்சம். வீட்டுச் செலவு மாதம் 12,000. "மாசம் ரெண்டு பர்சென்ட்தானே, எடுத்துரலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு பர்சென்ட் என்றால் வருஷத்துக்கு 24 என்று கணக்கு எழுதிப் பழகின எனக்கே உறைக்கவில்லை!

நான் அறியாத ஒன்று இருந்தது. சென்செக்ஸ் 2008 ஜனவரியிலேயே 20,800ஐத் தாண்டிவிட்டது. 2010 நவம்பரில் மறுபடியும் அதே இடம். 2011 கடைசியில் 15,500க்கும் கீழே. 2013 நவம்பரில் திரும்பவும் 21,000க்கு மேல். ஆறு வருஷம் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அந்த ஆறு வருஷத்தின் நடுவில்தான் நான் என் அடுப்பை மார்க்கெட்டின்மேல் தூக்கி வைத்தேன்.

அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டது மூன்று காரியம்.

முதலாவது, செலவு. அப்போது எனக்கு டெலிவரிக்கு புரோக்கர் கமிஷன் நூற்றுக்கு 50 பைசா. வாங்கும்போதும் கொடுக்கணும், விற்கும்போதும் கொடுக்கணும். அரசாங்கத்தின் எஸ்.டி.டி. வரி இரண்டு பக்கமும் நூற்றுக்கு பன்னிரண்டரை பைசா. கமிஷன்மேல் சேவை வரி. ஒரு லட்சத்துக்கு வாங்கி விற்றால் சுமார் 1,350 ரூபாய் போகும். ஆறு லட்சத்தையும் மாதம் ஒருமுறை புரட்டினால் எட்டாயிரத்துக்கு மேல். என் வீட்டுக்கு 12,000, புரட்டுகிற கூலிக்கு 8,000! இன்று கமிஷன் மிகவும் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் எஸ்.டி.டி. இரண்டு பக்கமும் நூற்றுக்கு பத்து பைசா இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் விற்ற லாபத்துக்கு அன்றிருந்த 15 சதவீத வரி 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதமாகிவிட்டது.

இரண்டாவது, விதை நெல். மாதம் பிறந்தால் மனைவி கேட்பாள்: "என்னங்க, ஸ்கூல் பீஸ் கட்டணும், எதை விக்கப் போறீங்க?" நஷ்டத்தில் இருப்பதை விற்க மனது வராது. லாபத்தில் இருப்பதை விற்பேன். அடுத்த மாதமும் அப்படியே. கொழுத்த ஆடுகளை விற்றுத் தின்றுவிட்டு, நோஞ்சான் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரத்தில் ஒரு ரூபாய்கூட நான் நஷ்டப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 12,000 எடுத்தால் மூன்று வருஷத்தில் 4,32,000 போய்விடும். ஆறு லட்சத்தில் மிச்சம் 1,68,000. அசையாத மார்க்கெட்டில் மாதச் சம்பளம் எடுக்கிறவன் லாபத்தைத் தின்பதில்லை, விதை நெல்லைக் குத்தித் தின்கிறான். 2013 ஏப்ரலில் நான் நிறுத்தும்போது என் கையில் இருந்தது 1,10,000. ஏழு மாதம் கழித்து சென்செக்ஸ் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. என் பணம் திரும்பி வரவில்லை. 2014 மே மாதம் 25,000ஐத் தொட்டபோது, ஏறுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது காரியத்தை எழுத எனக்கு வெட்கம். ஆனாலும் எழுதியே ஆகவேண்டும்.

2012ல் ஒரு சின்னக் கம்பெனியின் பங்கில் மாட்டிக்கொண்டேன். 140க்கு வாங்கினது 118ல் நின்றது. கேட்கிற ஆளே இல்லை. அந்த வாரம் எங்கள் சபையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் என்னிடம் வந்து, "தம்பி, கையில கொஞ்சம் பணம் இருக்கு. நல்லதா ஒரு ஷேர் சொல்லேன்" என்றார். நான் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் 200 பங்கு வாங்கினார். அதே வாரத்தில் நான் என்னுடையதை விற்று வெளியே வந்தேன். ஆறு மாதத்தில் அது 70 ஆனது. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல கம்பெனி சார்" என்றேன், அவ்வளவுதான். நான் விற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதை மாத்திரம் சொல்லவில்லை.

சிந்தித்துப் பாருங்கள். தொழில்கள் வளர்ந்து மார்க்கெட் ஏறும்போது, பங்கு வைத்திருக்கிற எல்லாரும் சேர்ந்து பலன் அடைய முடியும். மொத்த மார்க்கெட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்போது, டிவிடெண்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒருவன் எடுக்கிற லாபம் இன்னொருவன் விட்ட பணம்தான். குறியீடு முழுவதையும் வைத்திருந்தாலும் டிவிடெண்டு வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. ஆறு லட்சத்துக்கு அதிகமாகப் போனால் ஒன்பதாயிரம். என் வீட்டின் ஒரு மாதத்துக்குக் காணாது. அப்படியானால் மீதிச் சோறு எங்கிருந்து வரவேண்டும்? முகம் தெரியாத யாரோ ஒருவன் தப்பான விலைக்கு வாங்கினால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். மற்ற நாளில் அவனுக்கு முகம் இல்லை. அன்றைக்கு ஒரு முகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "பாஸ்டர், அரிசிக்கடைக்காரரும் குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்குத்தானே விற்கிறார்?" நியாயமான கேள்வி. அரிசிக்கடைக்காரர் தஞ்சாவூர் நெல்லை நம் தெருவுக்குக் கொண்டுவருகிறார். வாங்கினவன் வீட்டில் சோறு வேகிறது. கொடுத்தவருக்கும் லாபம், வாங்கினவனுக்கும் நிறைவு. பங்கு வியாபாரியும் ஒரு உதவி செய்கிறான், மறுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பங்கை விற்க வருகிறவருக்கு அன்றைக்கே வாங்க ஒரு ஆள் இருக்கிறது. ஆனால் அந்த உதவிக்கு மார்க்கெட் கொடுக்கிற கூலி பைசாக் கணக்கு. அதில் குடும்பம் நடத்த முடியாது. மிச்சத்துக்கு அடுத்தவன் தவறவேண்டும்.

இன்னொருவர், "தாலந்து உவமையில் ஊழியக்காரர் வியாபாரம் பண்ணினார்களே" என்பார். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது அந்த உவமைக்கு நானே பத்துப் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். வேலையை விடும்போது மனைவிக்கும் அதையே பிரசங்கித்தேன். ஆனால் இரண்டு காரியத்தைக் கவனிக்காமல் போனேன். அந்த ஊழியக்காரர் முதலைத் தின்று ஜீவிக்கவில்லை. எஜமானும் மாதம் முதல் தேதியில் வந்து நிற்கவில்லை, நீண்ட காலம் கழித்துத்தான் வந்தார். காத்திருக்க நேரம் இருந்தது. எனக்கு அந்த நேரம் இல்லை, ஏனென்றால் என் எஜமான் ஸ்கூல் பீஸ்!

பங்கு வாங்குவது பாவமா என்றால், இல்லை என்பேன். அது லாட்டரிச் சீட்டு அல்ல. ஓடுகிற ஒரு தொழிலில் ஒரு சின்னப் பாகம். என் பிள்ளைகளின் பெயரில் இன்றும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். மார்க்கெட் நிற்கிற காலம் ஒரே ஒரு காரியத்தைக் கேட்கிறது: சும்மா இருக்க உன்னால் முடியுமா? சம்பளம் உள்ளவன் முடியும் என்று சொல்லலாம். அதையே நம்பிப் பிழைக்கிறவன் சொல்ல முடியாது. அவன் ஏதாவது செய்தே ஆகவேண்டும். ஒன்றும் செய்யக்கூடாத நாளில் செய்கிற காரியம் முதலில் பணத்தைக் கெடுக்கும், பிறகு மனசாட்சியைக் கெடுக்கும். ஆகவே, காத்திருக்க வேண்டிய பணத்தையும் காத்திருக்க முடியாத வயிற்றையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

2013ல் மறுபடியும் வேலைக்குப் போனேன், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. முதல் சம்பளம் வாங்கின அன்று வாத்தியார் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "சார், அன்னைக்கு நான் விக்கிறதுக்கு ஆள் தேடிட்டு இருந்தேன்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி. பணம் போனது பெரிசில்ல. நீ சபையில ஜெபிக்கும்போது என் வாயில ஆமென் வரல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு." அந்த 9,600 ரூபாயை மாதம் ஆயிரமாகக் கொடுத்து முடித்தேன். கடைசித் தவணை கொடுத்த மாதத்து ஜெபக்கூட்டத்தில் அவர் குரலைக் கேட்டேன். சத்தமாகவே ஆமென் சொன்னார்.

ஆகவேதான் அன்றைக்கு என் கை எழும்பவில்லை. இந்தத் தம்பிக்காக விலை ஏறவேண்டும் என்று நான் கேட்டால், அதிக விலை கொடுத்து இவனிடம் வாங்கப்போகிற இன்னொரு பிள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்? அவனை உட்காரவைத்து என் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு ஜெபித்தேன்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஒரு மாதச் சம்பளம் தாரும். காத்திருக்கப் பெலன் தாரும்." அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. ஆனாலும் அக்டோபரில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில் கணக்கு எழுதப் போனான். 18,000 சம்பளம். பங்குகளை விற்கவில்லை, அப்படியே விட்டுவிட்டான்.

2025 நவம்பர் கடைசியில், பதினாலு மாதம் கழித்து, நிஃப்டி தன் பழைய உச்சத்தைத் தாண்டியது. அன்றைக்கே போன் பண்ணினான்: "பாஸ்டர், உங்க ஜெபம் கேட்கப்பட்டுருச்சு!"

"நான் அதுக்கு ஜெபிக்கவே இல்லையே தம்பி. சம்பளம் வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு பாஸ்டர்" என்று சிரித்தான்.

பிரியமான சகோதரனே, சகோதரியே, நீங்களும் இந்த வழியில் இருந்தால் இன்று இரவு ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். மார்க்கெட் ஆறு வருஷம் அசையாவிட்டால் என் வீட்டில் யார் சோறு போடுவார்? நான் விற்கிறதை வாங்குகிறவன் யார் என்று தெரிந்தால், அவன் முகத்தைப் பார்த்து விற்பேனா? இரண்டுக்கும் தைரியமாகப் பதில் சொல்ல முடிந்தால் சமாதானத்தோடே தூங்குங்கள். முடியாவிட்டால் விடிந்ததும் வேலை தேடப் புறப்படுங்கள். கூலி வேலையில் ஒரு வெட்கமும் இல்லை.