யாரை எரியவிடலாம்?

ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை எரியவிடலாமா? ஈப்போ புந்தோங்கில் ஆயுசு முழுக்கக் காருக்கு ஒயரிங் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குக் கோயிலில் வந்ததைவிட பட்டறையில் வந்ததே அதிகம்.

பழைய மோரிஸ் மைனரின் பொனட்டைத் திறந்தால் லூக்காஸ் பியூஸ் பெட்டி இருக்கும். வேலை செய்வது இரண்டே பியூஸ். ஒன்று ஹாரனுக்கும் உள்விளக்குக்கும். மற்றது சாவி போட்ட பிறகு ஓடும் வைப்பர், பிரேக் விளக்கு, பெட்ரோல் மீட்டர் போன்றவற்றுக்கு. கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் காகிதத்தில் 35 என்று அச்சடித்திருக்கும். அந்த எண்ணில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பிரிட்டிஷ்காரர் குறித்தது பியூஸ் எரிந்துபோகும் அளவை. விடாமல் தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர் சொச்சம். அமெரிக்க வழக்கில் 35 என்றால் விடாமல் தாங்குவதே 35. எண்ணை மட்டும் பார்த்து அமெரிக்கப் பியூஸை மாட்டினால், கோளாறு வருகிற அன்று பியூஸ் எரியாமல் நிற்கும், ஒயர் வெந்துபோகும். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பவர்களுக்கும் அதே கதிதான். ஆரம்ப கால மைனர்களில் ஒயருக்கு ரப்பர் உறை, மேலே பருத்தி நூல் பின்னல். எந்த ரப்பர் தோட்டத்துப் பாலோ! லயத்தில் பிறந்த எனக்கு அது கருகும் வாடை தாங்காது.

பலவீனமாக இருப்பதே பியூஸின் தர்மம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒருமுறை பட்டறைக்கு வந்த பெரியவர் ஒருவர், எரிந்த பியூஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம ஜனங்களும் இப்படித்தானே தம்பி, தான் எரிஞ்சு இந்த நாட்டைக் காப்பாத்தினாங்க. எவ்வளவு பெரிய தியாகம்!" என்றார். அவர் பெருமையாகத்தான் சொன்னார். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

1930இல் ரப்பர் விலை சரிந்தபோது தோட்டங்களில் வேலை பார்த்த நம் ஆண்களின் நாள்கூலி 50 காசிலிருந்து 40 காசுக்கு இறங்கியது. ஆயிரமாயிரம் பேரைப் பினாங்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1934இல் நிலைமை தேறியதும் மறுபடி ஆள் எடுத்தார்கள். கழற்றி எறிந்தார்கள், புதிதாக மாட்டினார்கள். இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால் எறிந்த கைக்குப் பாவம் இல்லாமல் போய்விடும். தியாகம் செய்கிறவருக்கு 'மாட்டேன்' என்று சொல்லவும் வழி இருந்திருக்க வேண்டும். வேலை போனால் லயத்து வீடும் போகும் என்று வாழ்ந்தவருக்கு ஏது அந்த வழி?

கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு முருகனின் தகப்பன் சிவனின் நினைவுதான் வருகிறது. பாற்கடலைக் கடைந்தவர்கள் தேவரும் அசுரரும்; அமுதம் வேண்டியவர்களும் அவர்களே. நஞ்சு கிளம்பியதும் ஓடினார்கள். அமுதத்தில் ஆசையே இல்லாத சிவன், இருந்தவர்களிலேயே வலிமை மிக்கவர், தாமாக எடுத்துக் குடித்தார். தோட்டத்திலோ கடைந்தவருக்கே நஞ்சு. அமுதம் லண்டன் கம்பெனிக்கு. இன்னொன்றையும் நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்: நஞ்சு உள்ளே இறங்காதபடி உமை அவர் கழுத்தைப் பிடித்தாள். ஈசனுக்கே அப்படி ஒரு கை வேண்டியிருந்தது. திருப்பி அனுப்பப்பட்டு நாகப்பட்டினத்தில் இறங்கிய குடும்பங்களின் கழுத்தை யார் பிடித்தார்கள்?

பிறகு ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. விற்கிற கம்பெனிக்கு லாபம், வாங்கித் துண்டு போடுகிறவருக்கும் லாபம். எரியப்போவது மறுபடி லயத்துக்காரர்தான். சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் கூலியில் மிச்சம்பிடித்துப் பங்கு போட்டார்கள்; அந்தப் பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். எல்லாத் தோட்டமும் தப்பவில்லை. ஆனாலும் பாரம் ஒருவர் தலையில் இறங்காமல் ஆயிரம் பேருக்குப் பங்காயிற்று. சைவம் படித்த பலரின் பேச்சைவிட எனக்கு இதில்தான் உமையின் கை தெரிகிறது.

மைனரின் முன்விளக்குகளுக்குப் பியூஸே கிடையாது. பெரியப்பா காரைக் கொண்டுவந்த ஒரு பையனிடம், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று போடப்போகிறேன் என்றேன்.

"ஒரிஜினல் கெட்டுப்போயிடுமே, அங்கிள்?"

"கெடட்டும் தம்பி. ராத்திரி ஒரு பக்கம் அணைஞ்சாலும் மத்தது எரியும்ல? அந்த வெளிச்சத்துல வீடு போய்ச் சேரு."