தாங்குவது ஒரு தகுதியா?

மருத்துவம் படிக்கும் பெண் சோர்ந்துபோனால் அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அறிவுரைதான்: 'மனசைத் திடமாக வைத்துக்கொள்.' தியான வகுப்பும் ஆலோசனை மையமும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. துவண்டு நிற்பவளுக்கு அவை அவசியம். ஆனால், ஏன் உடைந்தாய் என்று அவளைக் கேட்கும் நாம், இவ்வளவு சுமையை ஏற்றியது யார் என்று ஏன் கேட்பதில்லை?

தொடர்பணி வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம் 1992இலேயே சொல்லிவிட்டது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் வல்லுறவு செய்து கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர், நெடுநேரப் பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் படுத்திருந்தவர். கண்ணயர அவருக்குக் கிடைத்த இடம் அதுதான். அதன்பின் மேற்கு வங்க அரசு, இயன்றவரை பெண்களுக்கு இரவுப்பணி தர வேண்டாம் என்றது. பாதுகாப்புத் தருவதே அரசின் கடமை, பெண்களின் வேலையைக் குறைப்பதல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆட்சேபித்தது. குற்றம் எங்கோ நடக்க, கதவு மட்டும் பெண்ணுக்கு அடைக்கப்படுவது நமக்குப் புதிதா என்ன?

இன்னொரு மரணம் நம்மையே கேள்வி கேட்கிறது. பழங்குடிச் சமூகத்திலிருந்து மும்பைக்கு மகப்பேறு மருத்துவம் படிக்க வந்த பாயல் தட்வி, 2019 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக வழக்குப் பதிவானது மூன்று பெண் மருத்துவர்கள்மீது. பெண்ணாக இருப்பதாலேயே ஒருத்தி இன்னொருத்திக்குத் துணையாகிவிடுவதில்லை. 'நாங்கள் படாததா?' என்று மாமியார் மருமகளிடம் கேட்பதைத்தான் வார்டில் சீனியர் ஜூனியரிடம் கேட்கிறார். அதில் சாதியும் சேரும்போது, அது பயிற்சி என்ற போர்வையில் நடக்கும் வதை.

மருத்துவம் சேவையாயிற்றே, நோயாளி காத்திருப்பாரா என்று கேட்கலாம். இரவெல்லாம் விழித்த கை ஊசி போடுவது நோயாளிக்கும் ஆபத்து. அவருக்காகவேனும் அந்தக் கைக்கு உறக்கம் வேண்டும்.

பொறுமை எப்போது அறமாகிறது? 'முடியாது' என்று சொல்லும் உரிமை இருந்தும் ஒருத்தி பொறுத்துக்கொள்ளும்போது. அந்த உரிமை இல்லாதவளின் பொறுமையைப் புகழ்வது, சுமத்தியவரைத் தப்பவிடுவது. ஆகவே மாணவியே, 'என்னால் முடியவில்லை' என்று நீ சொன்னால் அது உன் தோல்வியல்ல. அந்தக் கல்லூரியைப் பற்றிய முதல் உண்மையான அறிக்கை அது. அதைத் தோழியிடம் சொல், வீட்டில் சொல், எழுதிக் கொடு. கேட்க வேண்டிய கடமை எங்களுடையது.