அங்கியும் அரசும்

கத்தோலிக்கக் குருக்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை அணியும் நீண்ட அங்கிக்குப் பிரெஞ்சு மொழியில் 'சூட்டான்' என்று பெயர். இத்தாலிய மூலம் கொண்ட இச்சொல்லை ஆங்கிலமும் ஜெர்மனும் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டன. மரபான அங்கியின் முன்புறம் 33 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். இயேசு மண்ணில் வாழ்ந்த ஆண்டுகளை அவை குறிப்பதாகச் சொல்வர்.

உடை மட்டுமே ஒருவரைத் துறவியாக்கிவிடாது என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் ஒப்புக்கொண்டது. ஆயினும் அகத்தின் ஒழுக்கம் புறத்திலும் தெரிய வேண்டும் என்று கூறி, குருக்கள் தம் நிலைக்குரிய உடையையே அணியும்படி விதித்தது. திருச்சபை விதித்ததை அரசு விலக்கலாமா என்ற கேள்வி பிரான்சில் பின்னாளில் எழுந்தது.

1900-இல் பாரிஸை அடுத்த லெ கிரெம்லின்-பிசேத்ர் நகர மேயர், தம் எல்லைக்குள் அங்கி அணியத் தடை விதித்தார். அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் 1905-இல் விவாதத்துக்கு வந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர் ஷார்ல் ஷபேர் நாடு முழுவதற்கும் அத்தடையைக் கோரினார். அங்கி குருவைச் சமூகத்திலிருந்து பிரித்து அடிமைப்படுத்துகிறது, அதைக் களைந்தால் அவர் சுதந்திர மனிதராவார் என்பது ஷபேரின் வாதம். சட்ட வரைவைப் பொறுப்பேற்று நடத்திய அரிஸ்தீத் பிரியான் இதை ஏற்கவில்லை. சமயத்தினின்று விலகிய அரசுக்கு அங்கியும் ஓர் உடைதான் என்றார். தடை வந்தால் குருக்களும் தையற்காரர்களும் சேர்ந்து, அங்கியும் அல்லாத கோட்டும் அல்லாத புது உடை ஒன்றைத் தைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். திருத்தம் தோற்றது. 1962-இல் பாரிஸ் பேராயர் கர்தினால் ஃபெல்த்தேன், அங்கிக்குப் பதிலாகக் கோட்டு அணியக் குருக்களுக்குத் தாமே அனுமதி தந்தார்.

பிரியான் தவிர்த்த சிக்கல் பள்ளிகளில் மீண்டும் எழுந்தது. பளிச்செனத் தெரியும் சமய அடையாளங்களை அரசுப் பள்ளி மாணவர்கள் அணிய 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. சிறார் மனம் இன்னும் உருவாகும் பருவத்தில் இருக்கிறது, சமய அழுத்தத்திலிருந்து அதைக் காப்பது பள்ளியின் கடமை என்பது தடையை ஆதரிப்போரின் நியாயம். 2023-இல், முஸ்லிம் பெண்கள் அணியும் நீண்ட அங்கியான அபாயாவும் தடைக்குள் வந்தது. அது சமய உடை அன்று என்று பிரெஞ்சு முஸ்லிம் மன்றம் கூறியிருந்தும், சமய அடையாளமே என்று அரசு முடிவு செய்தது. உச்ச நிர்வாக நீதிமன்றமும் தடையை நிறுத்த மறுத்தது.

உடையைத் தடை செய்ய முனையும் அரசு, அது எந்தச் சமயத்துக்குரியது, அதன் பொருள் என்ன என்று முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானம் இறையியலின் வேலை. சமயத்தில் தலையிடாமல் இருப்பதற்காக இயற்றிய சட்டமே அரசைச் சமய விளக்கத்துக்குள் இழுத்துவிடுகிறது.