வாசலில் நின்ற மூத்தவன்



போன மாதம் திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "ஃபாதர், மகனை இன்ஜினியரிங் படிக்க அனுப்பினோம். அவன் காலேஜில் டான்ஸ் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். ஆணும் பெண்ணுமாகக் கைகோத்து ஆடுகிறார்களாம்" என்றார். குரல் கம்மியது. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம் எல்லாருக்கும் பழகிய பயம்தான். அப்போது நான் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நேரில் போய்ப் பார்த்தேன்.

கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்பது பேர் வட்டமாக நின்றார்கள். சொல்லித்தருவதும் மாணவர்களே. லிண்டி ஹாப் என்ற ஆட்டம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் உருவாக்கியது. அங்கே 1926-இல் திறந்த சவோய் நடனக்கூடத்தில், நிறத்தைப் பார்த்துக் கதவடைத்த அந்தக் காலத்திலேயே, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை "மாறுங்கள்" என்று குரல் வரும். அடுத்தவரிடம் நகர்ந்து, பெயர் சொல்லி, பிறகு கை நீட்ட வேண்டும். அந்த அம்மா பயந்த கையை நான் உற்றுப் பார்த்தேன். இழுக்கக் கூடாது, இறுக்கக் கூடாது. விரல்கள் லேசாகத் திரும்பினாலே எதிரே இருப்பவர் புரிந்துகொள்கிறார். 'வேண்டாம்' என்றால் காரணம் கேட்காமல் விலக வேண்டும். உடல் தூய ஆவியாரின் கோவில் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை எத்தனையோ முறை இந்தப் பீடத்தில் நின்று விளக்கியிருக்கிறேன். பிறர் உடலையும் கோவிலாக மதித்துத் தொடுவதை அந்தப் பிள்ளைகள் அங்கே பழகிக்கொண்டிருந்தார்கள்.

கதவருகே ஒரு பெண் நின்றாள். தோள்பையைக்கூட இறக்கவில்லை, எந்த நொடியும் போய்விடுவாள் போலிருந்தது. மூத்த மாணவி ஒருத்தி தளத்தைக் கடந்து வந்து, "ஆடலாமா?" என்றாள்.

"எனக்கு ஒன்றுமே தெரியாதே."

"பையை இப்படி வை, வா."

பை தரைக்கு இறங்கியது.

ஊதாரி மகன் உவமையில் நாம் எப்போதும் இளையவனைப் பற்றியே பேசுகிறோம். மூத்தவனைப் பாருங்கள். வயலிலிருந்து வருகிறான். தம்பி திரும்பி வந்ததற்காக வீட்டுக்குள் விருந்து, ஆடலும் பாடலும் கேட்கிறது. ஆம், ஆண்டவர் சொன்ன கதையில் தந்தையின் வீட்டில் ஆட்டம் நடக்கிறது! அவனோ கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். விருந்து நடக்கும்போதே தந்தை எழுந்து வெளியே வந்து அவனிடம் கெஞ்சுகிறார். அந்த மாணவி கடந்து வந்த பத்தடி தூரத்தில் நான் அந்தத் தந்தையைக் கண்டேன்.

அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன்: "வீட்டைவிட்டுத் தனியாக இருக்கிற பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை வராவிட்டால், 'எங்கே போனாய்?' என்று கேட்க அங்கே நாலு பேர் இருக்கிறார்கள், அம்மா."

நம் ஆலயத்தில் அப்படிக் கேட்க ஆள் உண்டா? போன ஞாயிறு கீழே ஹாலில், காபிக் கோப்பையைப் பிடித்தபடி ஒரு தம்பி சுவரோரம் நின்றார். நாம் கூட்டம் கூட்டமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். காபி தீர்ந்ததும் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் பெயர் கேட்கவில்லை. அது இந்த வாரம் முழுவதும் என்னை உறுத்தியது. இன்று திருப்பலி முடிந்து படியிறங்கியதும் அவரைத்தான் முதலில் தேடப்போகிறேன். நீங்களும் தேடுங்கள்.