கொடிநாளும் கருணைத் தானமும்



தேவ பூசை, குரு பணிவிடை, சாத்திரம் ஓதுதல், அடக்கம், தவம், தானம் என இல்லறத்தார் நாடோறும் இயற்ற வேண்டிய கடமைகள் ஆறென நம் ஆன்றோர் வகுத்துள்ளனர். முதல் ஐந்தும் நம்மை நாமே தூய்மை செய்துகொள்ளும் வழிகள். ஆறாவதாகிய தானமே நம் வாயிலைக் கடந்து பிறர் வாயிலுக்குச் செல்வது. ஆண்டுதோறும் டிசம்பர் 7 ஆம் நாள் கடைப்பிடிக்கப்பெறும் படைவீரர் கொடிநாளுக்கு அத்தானத்தை அளிக்கலாமா என்னும் ஐயம் நம்மிடையே சிலருக்கு உண்டு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், படைக்கலம் ஏந்தியவர்க்குப் பொருள் கொடுத்தல் முறையாகுமா என்பதே அவ்வையம். அது நேர்மையான வினா. ஆதலின் விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும்.

முதற்கண் இந்நிதி எதற்கு உரியது என்பதை அறிவோம். 1949 ஆகஸ்டு 28 இல் நடுவண் அரசு அமைத்த குழு டிசம்பர் 7 ஆம் நாளைக் கொடிநாளாக வகுத்தது. அன்று வழங்கப்பெறும் சிறு கொடியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறங்கள் உள்ளன. அவை முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றைக் குறிப்பன. திரட்டப்பெறும் பொருள் படைக்கலம் வாங்கச் செல்வதில்லை. போரில் உறுப்பிழந்தோர் மறுவாழ்வு, மாண்டோர் குடும்பங்களின் பராமரிப்பு, பணியில் உள்ளோர் குடும்பநலம், ஓய்வுபெற்றோர் நல்வாழ்வு ஆகியவற்றுக்கே அது உரியது. போர் விட்டுச் சென்ற துன்பத்தைத் துடைக்கும் கைக்கு நாம் பொருள் தருகிறோமேயன்றிப் போருக்குத் தருகின்றோமல்லோம்.

இனி, அறநூல் நோக்கில் காண்போம். இம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே கருதிச் செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வினைகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தாக்க வருவோரைத் தடுத்துக் காக்கையில் நேர்வது விரோத இம்சை. இல்லறத்தான் முதலாவதை முற்றும் விடுகிறான். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்கிறான். விரோத இம்சையும் வினையே என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒன்றைச் சிந்திப்போம். நாம் இரவில் அச்சமின்றி உறங்கி, விடியலில் ஆலயம் சென்று, அணுவிரதங்களை அமைதியாகக் காத்து வருகிறோம். எல்லையில் விழித்து நிற்கும் ஒருவர் அவ்வமைதிக்குக் காவலாக அவ்வினையின் சுமையைத் தாம் ஏற்று நிற்கிறார். அவர் காவலின் நிழலில் நோன்பு நோற்றுக்கொண்டே அவர் மனையாளின் கண்ணீரைக் காணாதிருப்போமாயின், நம் நோன்பு எவ்வாறு நிறைவுறும்?

பரதரும் பாகுபலியும் எதிர்நின்ற வரலாறு நாம் அறிந்ததே. இரு படைகளும் அணிவகுத்தபோது இருபுறத்து அமைச்சர்களும் இடைப்புகுந்து, உடன்பிறந்தார் இருவர் பிணக்கில் எண்ணிறந்த வீரர்கள் மடிவது தகாதென்று உரைத்தனர். அதனால் கண்ணோக்கு, நீர், மல் என்னும் மூவகைப் போட்டியால் வழக்கு முடிந்தது. படைவீரன் உயிரும் உயிரே, அவனுக்கும் காத்திருக்கும் இல்லம் உண்டு என்னும் கருணை நம் புராணத்தின் நடுவே நிற்கிறது.

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், சினகாஞ்சி ஆலயத்துச் சங்கீத மண்டபத்தை எழுப்பியவர் விசயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய இருகப்பர். தம் குருவாகிய புஷ்பசேன முனிவரின் ஏவலால் 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் அதனைக் கட்டினார். ஒரு படைத்தலைவர் கட்டிய மண்டபத்தில் நின்று அருகனைத் தொழும் நாம், படைவீரரை அயலாராக எண்ணுதல் பொருந்துமோ?

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். உயிரச்சம் நீக்கும் அபய தானத்தைப் படைவீரர் நமக்கு ஈந்திருக்கின்றனர். 2015 டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதியை வெள்ளம் சூழ்ந்தபோது, மாடிகளில் தவித்தோரை இராணுவத்தினர் படகுகளில் ஏற்றிக் காத்தனர். அவ்வாண்டுக் கொடிநாள் அதே வாரத்தில் வந்தது. 2004 டிசம்பர் 26 இல் மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாக்கிய ஆழிப்பேரலையே, காரநிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரரும் அவர்தம் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. நம் கரையில் அழுத தாயும் அத்தீவில் அழுத தாயும் ஒரே கடலால் அழுதவர்கள். அபயம் பெற்ற நாம், ஏனைய மூன்று தானங்களை அவர்தம் குடும்பங்களுக்குத் திருப்பி அளிக்கலாம். கைம்பெண்ணின் உணவு ஆகார தானம். காயமுற்றவரின் மருந்து ஔடத தானம். தந்தையை இழந்த குழந்தையின் கல்வி சாத்திர தானம்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவம் என்பர் வேறு சிலர். அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி அதனை அசிதநாத புராணத்துச் சகர சக்கரவர்த்தியின் மைந்தர் வரலாறாகக் கொண்டு நூல் எழுதினார். மைந்தர் அனைவரும் மாண்டனர் என்ற செய்தி கேட்ட சகரர், உலகின் நிலையாமை உணர்ந்து துறவு பூண்டார். அரசர் துறக்கலாம். மகனை இழந்த ஏழைத் தாய் மறுநாளே அடுப்பு மூட்ட வேண்டும்; பேரக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 இல் காசுமீரத்துச் சோபியானில் வீரமரணம் எய்தினார். 2015 இல் அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பெற்றது. அவர் பெயரை நாடு அறியும். நாடு பெயரறியாத வீட்டுக் கதவுகளும் உண்டு. கொடிநாள் நிதி தட்ட வேண்டியவை அக்கதவுகளே.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களிலிருந்து செங்கற்பட்டிலும் தாம்பரத்திலும் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் இவ்வாண்டு முதல் ஒரு சிறு நியமம் ஏற்கலாம். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருப்போர், அன்றைய உணவுச் செலவை ஓர் உண்டியலில் இட்டு வைத்து, டிசம்பர்த் திங்களில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் செலுத்தி இரசீது பெறலாம். மிகுபொருள் விரும்பாமைக்கும் அது பயிற்சியாகும். பிள்ளைகள் கையாலேயே இடச் செய்க. கொடுத்ததைப் பலரறியக் கூறற்க. புகழ் கலந்த தானம் உப்பு மிகுந்த சோறு போன்றது. பொருளற்றோர் வருந்த வேண்டா. தெருவில் வாழும் முதிய வீரர்க்கோ வீரரின் கைம்பெண்ணுக்கோ ஓய்வூதிய விண்ணப்பம் எழுதித் தருதலும், மருத்துவமனைக்கு உடன் செல்லுதலும் தானமே.

போர் இல்லாத உலகே நம் வேண்டுதல். அவ்வுலகம் வரும்வரை, போரால் இருண்ட இல்லங்களில் ஒரு விளக்கேனும் ஏற்றுவது அகிம்சையின் கடமை. சட்டையில் குத்திய சிறு கொடி மாலைக்குள் வாடிவிடும். கருணையால் ஈந்த பொருள் ஒரு குழந்தையின் கல்வியாக வளரும்.

எல்லா உயிரும் இன்புறுக! அறம் ஓங்குக!